ரெண்டு மரக்கால், ரெண்டு பாஷை

சேரியில் ‘கணக்கு’ என்கிற சொல் ஒரு பாடத்தின் பெயராக ஆனது ரொம்பப் பிந்தி. அதுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பாக்கி. ‘கணக்குப் பாத்துட்டு வந்தியா?’ என்று எங்க ஆயா கேட்டால், ‘இன்னும் எவ்ளோ கடன் நிக்குதுன்னு சொன்னாங்க?’ என்று பொருள். எழுதுகிறவன் அவன். கூட்டுகிறவன் அவன். படித்துக் காட்டுகிறவனும் அவன். பெருவிரல் மட்டும்தான் நம்முடையது.

இப்போது நாலு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் கேட்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்கைக் கதையாகச் சொல்லுங்கள், ரெண்டு பாஷையில் சொல்லுங்கள், பயம் போய்விடும் என்கிறார்கள். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் இருமொழிப் புத்தகம் வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டு அரசும் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி, கதை, பாட்டு, ஆட்டம் வழியாகச் சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறது. படப்புத்தகம் போடுகிறவர்கள் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷுமாக அச்சடிக்கிறார்கள்.

நல்ல விசயம்தான். நான் எதிர்க்கவில்லை. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், சமுதாயக் கூடத்துத் திண்ணையில் சாயங்கால வகுப்பு நடத்துகிறவள் நான். கதை சொல்லாமல் கணக்குச் சொல்லித் தந்த நாள் குறைவு. ஆனாலும் எனக்கு ரெண்டு கேள்வி இருக்கிறது. கதை யாருடையது? ரெண்டு பாஷை என்றால் எந்த ரெண்டு?

*

ரெண்டாவது கேள்வியை முதலில் எடுப்போம்.

தமிழ்நாட்டில் இருமொழி என்று சொன்னால் 1968லிருந்து எல்லோருக்கும் தெரியும்: தமிழ், இங்கிலீஷ். ஊருக்கு அது சரி. சேரிக்கு? நம்ம பிள்ளைக்கு முதல் பாஷை வீட்டுப் பாஷை. ரெண்டாவது பாஷை பாடப்புத்தகத் தமிழ். இங்கிலீஷ் மூணாவதாகத்தான் வருகிறது. கல்வராயன் மலையில் இருக்கிற மலையாளிப் பிள்ளைக்கும் (கேரளத்து மலையாளி இல்லை, மலைவாழ் மக்கள்) இதே கதைதான். தாய்மொழிக் கல்வி, தாய்மொழிக் கல்வி என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: எந்தத் தாயின் மொழி? எங்க அம்மா பேசின பாஷையைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் ‘காலனி பாஷை பேசாத’ என்று தலையில் குட்டு விழுந்ததே, அவள் தாய் இல்லையா?

‘எஞ்சியவை எத்தனை?’ என்று புத்தகம் கேட்கிறது. எங்க பிள்ளை முழிக்கிறது. ‘மிச்சம் எவ்ளோ?’ என்று கேட்டால் பட்டென்று சொல்கிறது. ‘சமமாகப் பகிர்ந்தளிக்க’ என்றால் வாய் திறக்காத பையன், ‘எல்லாருக்கும் பங்கு போடு’ என்றால் தன் தங்கச்சிக்கு ஒண்ணு கூடவே எடுத்து வைத்துவிட்டுப் பங்கு போடுகிறான். அவனுக்கு வகுத்தல் தெரியாதா? வகுத்தலும் தெரியும், மீதியை எங்கே ஒளிப்பது என்றும் தெரியும். தெரியாதது ‘பகிர்ந்தளிக்க’ என்கிற வார்த்தை மட்டும்தான்.

இன்னொண்ணு சொல்லணும். ‘பெருக்கு’ என்று போர்டைக் காட்டிச் சொன்னதும் எங்க காலனிப் பொண்ணு ஒருத்தி எழுந்துபோய் விளக்குமாறைத் தேடினாள். வகுப்பே சிரித்ததாம். இதை எனக்கு ஜோக்காகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தை அவளுக்கு அப்படித்தான் அறிமுகம் ஆகியிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் ‘பெருக்கு’ என்றால் மல்டிப்ளை. அவளுக்கு மட்டும் தினமும் காலையில் அது துடைப்பம். ஒரே சொல், ஒரே வகுப்பு, ரெண்டு அர்த்தம். இருமொழி என்று நீங்கள் பேசும்போது இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பேசணும்.

கடன் வாங்கிக் கழித்தல் என்று ஒரு பாடம். 52இல் 27 போகணும். ரெண்டில் ஏழு போகாது. ‘பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடன் வாங்கு’ என்று கதை சொல்கிறார்கள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான், இங்கிலீஷில் ‘பாரோ’. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: “எப்பக்கா திருப்பிக் குடுக்கணும்? வட்டி போடுவாங்களா?”

எவ்வளவு நியாயமான கேள்வி! கடன் வாங்கினால் திருப்பித் தரணும், வட்டி ஏறும், வாசலில் வந்து நிப்பாங்க என்று ஏழு வயசிலேயே பார்த்த பிள்ளை அது. திருப்பியே தராத கடனை அது எப்படி நம்பும்? ஊர்ப்பிள்ளைக்குக் கடன் என்பது ஒரு வார்த்தை. நம்ம பிள்ளைக்கு அது வீட்டுக்குள் நடக்கிற சண்டை. அதோடு, இந்தக் கதை கணக்காகவும் தப்பு. அங்கே யாரும் கடன் வாங்கவில்லை. அஞ்சு பத்து ரூபாய்த் தாளும் ரெண்டு ஒத்தை ரூபாயும் கையில் இருக்கிறது. ஒரு பத்தை மாற்றினால் நாலு பத்தும் பன்னிரண்டு ஒத்தை ரூபாயும் ஆகிறது. காசு அதேதான், சில்லறை மாத்தினோம். இப்போது 27 எடுத்தால் 25 மிச்சம். ‘சில்லறை மாத்து’ என்று சொன்ன பிறகு அந்தப் பிள்ளை ஒரு கழித்தலைக்கூட விடவில்லை. இத்தனை வருசமாக நம்ம பிள்ளைகளைக் கழித்தல் பாடத்திலேயே கடன்காரனாக்கி உட்கார வைத்தது யார்?

*

இங்கிலீஷுக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் 2012-13லிருந்து இங்கிலீஷ் மீடியம் வகுப்புகள் பரவலாக வந்தன. நம்ம சனங்கதான் ஆசையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை. மெக்காலேவைத் திட்டுகிற சுகம் நமக்கு இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் இங்கிலீஷுக்கே ஒரு கோயில் கட்ட அடிக்கல் நாட்டியதைக் கேலி பண்ணினவர்கள், தங்கள் பிள்ளைகளைத் தமிழ் மீடியத்துக்கு அனுப்பிவிட்டு வந்து கேலி பண்ணட்டும். நமக்கு இங்கிலீஷ் வேணும். முழுசாக வேணும்.

ஆனால் என்ன நடக்கிறது? நாலு பங்கில் மூணு பங்கு. தமிழில் நாம் ‘நாலுல மூணு’ என்கிறோம். முதலில் நாலு வருகிறது, பிறகு மூணு. இங்கிலீஷில் ‘த்ரீ ஃபோர்த்ஸ்’, ‘த்ரீ பை ஃபோர்’. முதலில் மூணு, பிறகு நாலு. வாயில் தமிழ் ஓடுகிற பிள்ளை, காதில் விழுந்த வரிசையில் எழுதுகிறது: மேலே 4, கீழே 3. தப்பு என்று சிவப்பு மசியில் சுழிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியாது என்று முடிவு கட்டுகிறார்கள். அதற்குப் பின்னம் தெரியும். ரெண்டு பாஷையும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கழித்தலும் அப்படித்தான். ‘எட்டுலேருந்து மூணை எடு’ என்பது நம்ம வரிசை. ‘சப்ட்ராக்ட் த்ரீ ஃப்ரம் எய்ட்’ என்பது அவங்க வரிசை. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டினால் பத்து நிமிசத்தில் முடிகிற விசயம். அது நடக்காததால் பத்து வருசம் ‘மேத்ஸ் வராத பசங்க’ என்று பேர் வாங்குகிறார்கள்.

எல்லா இடத்திலும் தமிழ்தான் சிரமம் என்றும் இல்லை. ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்பதில் பத்து எங்கே இருக்கிறது? பதினொண்ணு, பதிமூணு என்பதில் பத்து காதிலேயே கேட்கிறது. ஆனால் தொண்ணூறு என்கிறபோது தமிழும் குழப்புகிறது, எண்பதுக்கு அப்புறம் நூறு வாடை வந்துவிடுகிறது. ‘நைன்டி’ அங்கே தெளிவு. ஒரு பாஷையின் ஓட்டையை இன்னொரு பாஷை அடைக்கும். இருமொழிக்கு உண்மையான பலன் இதுதான். மேலே தமிழும் கீழே அதன் மொழிபெயர்ப்புமாக அச்சடித்துவிட்டு, ரெண்டும் எங்கே முட்டிக்கொள்கிறது என்று சொல்லாமல் போனால் அது வெறும் அலங்காரம்.

*

இப்போது முதல் கேள்வி. கதை யாருடையது?

பின்னம் என்றால் பிறந்தநாள் கேக். இல்லையென்றால் பீட்சா. வட்டமாக ஒண்ணை வரைந்து எட்டாக வெட்டி ‘ஒன் எய்த்’ என்கிறார்கள். என் வகுப்பில் சொல்கிற கதை வேறே. அது எங்க ஆயா சொன்னது.

கொல்லியில் மல்லாட்டை ஆயப் போகிறார்கள். கூலி காசாக இல்லை, பங்கு. ‘எட்டுல ஒண்ணு’ என்று பேச்சு. அதாவது எட்டு மரக்கால் ஆய்ந்தால் அதில் ஏழு ஆண்டைக்கு, ஒண்ணு ஆளுக்கு. சாயங்காலம் அளக்கும்போது கொல்லிக்காரன் வேறே மாதிரி அளக்கிறான். எட்டு மரக்காலைத் தன் பக்கம் கொட்டிக்கொண்டு, ஒன்பதாவதை ஆள் பக்கம் கொட்டுகிறான். கேட்டால், “எட்டுக்கு ஒண்ணுதான பேசினோம்?”

எழுபத்திரண்டு மரக்கால் ஆய்ந்தால் என்ன ஆகும்? ‘எட்டுல ஒண்ணு’ என்றால் ஒன்பது மரக்கால். ‘எட்டுக்கு ஒண்ணு’ என்றால் எட்டு மரக்கால். ஒரு மரக்கால் போச்சு. எதில் போச்சு? ‘ல’ என்கிற எழுத்துக்கும் ‘க்கு’ என்கிற எழுத்துக்கும் நடுவில் போச்சு. ஒண்ணு எட்டில் ஒரு பங்கு, இன்னொண்ணு ஒன்பதில் ஒரு பங்கு. புத்தகத்தில் ஒண்ணுக்குப் பேர் பின்னம், இன்னொண்ணுக்குப் பேர் விகிதம். இங்கிலீஷில் ‘ஒன் அவுட் ஆஃப் எய்ட்’ ஒண்ணு, ‘ஒன் ஃபார் எவ்ரி எய்ட்’ இன்னொண்ணு. தமிழில் வேற்றுமை உருபு, இங்கிலீஷில் நடுவே வருகிற சின்னச் சொல். இந்த ரெண்டையும் கவனிக்கத் தெரிந்தால்தான் கூலி கைக்கு வரும். இதைவிடப் பெரிய இலக்கணப் பாடமும் கணக்குப் பாடமும் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

கதை இன்னும் முடியவில்லை. ஆண்டை வீட்டில் மரக்கால் ரெண்டு இருக்குமாம். வாங்குவதற்கு ஒண்ணு, கொடுப்பதற்கு ஒண்ணு. கொடுக்கிற மரக்காலில் அடி தூக்கியிருக்கும். எட்டுப் படி பிடிக்க வேண்டியது ஏழு படிதான் பிடிக்கும். அப்படியானால் வரவேண்டியது ஒன்பது மரக்கால், எழுபத்திரண்டு படி. வந்தது எட்டு மரக்கால், மரக்காலுக்கு ஏழு படி, அம்பத்தாறு படி. பதினாறு படி, முழுசாக ரெண்டு மரக்கால் மல்லாட்டையைத் தின்றுவிட்டான்.

‘எட்டுல ஒண்ணு பெருசா, பத்துல ஒண்ணு பெருசா?’ என்று வெறும் எண்ணாகக் கேட்டால் பாதிப் பிள்ளைகள் பத்துதான் பெருசு என்கிறார்கள். மல்லாட்டைக் கூலியாகக் கேட்டால் ஒரு பிள்ளையும் ஏமாறுவதில்லை. “எட்டுல ஒண்ணு குடுக்கிற கொல்லிக்குத்தான் நான் போவேன்” என்கிறது. அதன் பிறகு போர்டில் மூணு வரி எழுதுகிறோம். முதல் வரி பிள்ளைங்க சொன்ன மாதிரியே, அவங்க பாஷையில். ரெண்டாவது வரி புத்தகத் தமிழில். மூணாவது இங்கிலீஷில். கடைசியில் எழுத்தே இல்லாமல், ஒண்ணுக்குக் கீழே எட்டு. இந்த நாலு படியையும் ஏறி இறங்குகிறதுதான் பாடம்.

*

இது ஏதோ நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் மோசஸ் என்கிற கறுப்பினத் தோழர் (1935-2021) இதைத்தான் செய்தார். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய ஊர் ஊராக அலைந்தவர். அடி வாங்கினவர், சிறைக்குப் போனவர். அங்கேயும் குத்தகைக்கு உழுத கறுப்பினக் குடும்பம் வருசக் கடைசியில் பண்ணையாரிடம் ‘கணக்குப் பார்க்க’ப் போகும், எப்போதும் பாக்கிதான் நிற்கும். மோசஸ் 1982இல் ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’ தொடங்கினார். பிள்ளைகளை ரயிலில் கூட்டிப் போவார். திரும்பி வந்து, போய்வந்ததைப் படமாகப் போடச் சொல்வார். அப்புறம் தங்கள் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்வார், அதற்கு அவர் வைத்த பேர் ‘சனங்க பேச்சு’. அதிலிருந்து கணக்குக்கு வேண்டிய அம்சத்தை மட்டும் பிரித்தெடுத்த ஒழுங்கான இங்கிலீஷுக்கு வருவார். கடைசியில்தான் குறியீடு. வாக்குரிமை அன்றைக்கு என்னவோ, அதுதான் இன்றைக்குக் கணிதம் என்றார். கணக்குத் தெரியாதவன் குடிமகனாக இருக்க முடியாது என்பது அவருடைய அரசியல்.

பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கிற அஞ்சு பிள்ளைகளைப் பற்றி 1985இல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பதிலிருந்து பதினஞ்சு வயசுப் பிள்ளைகள். விற்கிற இடத்தில் கேட்ட கணக்கில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு பன்னிரண்டு வயசுப் பையனைக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் ‘ஒரு சைபர் போடு’ என்கும். அவன் மூணு காய்க்கு 105, இன்னொரு மூணு, இன்னொரு மூணு, 315, இன்னும் ஒரு காய், 350 என்றான். அவன் மண்டையில் பெருக்கல் இல்லையா?

ஆனால் இங்கே நாம் மயங்கக் கூடாது. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்கிற ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. சந்தைக் கணக்கை மனசிலேயே போடுகிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒண்ணு தெரிந்தால் இன்னொண்ணு தானாக வராது. நடுவில் பாலம் கட்டணும். ‘சேரிப் பிள்ளைக்கு இயற்கையிலேயே கணக்கு வரும்’ என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகிறவனும் நமக்கு எதிரிதான். அவன் நம்ம பிள்ளையைச் சந்தையிலேயே விட்டுவிட்டுப் போகிறான்.

*

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நம் பாரம்பரியத்தில் என்ன கணிதம் இல்லை, திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார், எண்சுவடியைப் பார், கணக்கதிகாரத்தைப் பார், வெள்ளைக்காரன் வந்து கெடுத்துவிட்டான் என்கிற கூட்டம். 1983இல் தரம்பால் ‘அழகிய மரம்’ என்று புத்தகம் போட்டார். மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கை வைத்து, அந்தக் காலத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை சூத்திரப் பிள்ளைகள் பார் என்று காட்டினார். அந்த அட்டவணையில் பிராமணர், வைசியர், சூத்திரர் என்று கட்டம் இருக்கிறது. நமக்கு? ‘மற்ற சாதிகள்’ என்கிற கடைசிக் கட்டத்தில் எங்கேயோ. அந்த அழகிய மரத்தின் நிழலில் நம்ம தாத்தன் எவனாவது உட்கார்ந்தானா?

திண்ணையில் சொல்லித் தந்த பாடங்களில் ஒண்ணுக்குப் பேர் நெல்லிலக்கம். நெல் அளக்கிற வாய்பாடு. உழக்கு, உரி, நாழி, குறுணி என்று ராகம் போட்டு மனப்பாடம் பண்ணினார்கள். நெல்லை நட்டவள், அறுத்தவன், அடித்தவன், தூக்கிப்போய்ப் பத்தாயத்தில் கொட்டினவன் யாரும் அந்தத் திண்ணைக்கு ஏற முடியாது. விளைவித்தவனுக்கு நெல் கிடையாது, நெல்லின் எண்ணும் கிடையாது. முந்திரி, காணி, மா என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரைக்கும் பின்னத்தை நறுக்கத் தெரிந்த அறிவு, யாருடைய கூலியை நறுக்கப் பயன்பட்டது? அந்தக் கணிதம் நுட்பமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கத்தி கூர்மையாக இருந்தது என்று வெட்டுப்பட்டவன் பாராட்ட வேண்டியதில்லை.

அந்த அறிவை நாம் எடுத்துக்கொள்வோம், அது வேறே. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, அஞ்சால் வகுத்தால் உள்ளே இருக்கிற சுளை தெரியும் என்று கணக்கதிகாரம் சொல்கிறது. மலையிலிருந்து வருகிற பலாவை அறுத்துப் பார்த்துவிடலாமே! பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்வோம். சரியாக வந்தால் ஏன் வந்தது, வராவிட்டால் எவ்வளவு தள்ளி வந்தது என்று கேட்போம். பாட்டு சொன்னதால் சரி என்று கும்பிடுவது கணிதம் இல்லை. அறுத்துப் பார்ப்பதுதான் கணிதம்.

‘இரண்டும் இரண்டும் நாலுதானே, இதில் சாதி எங்கேம்மா வந்தது?’ என்று கேட்கிற நல்லவர்களுக்கு ஒரு பழைய விசயம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பையனைப் போர்டில் வந்து கணக்குப் போடச் சொன்னார் ஆசிரியர். உடனே வகுப்பில் கூச்சல். மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் போர்டுக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துத் தள்ளி வைத்தார்கள். பையன் நிழல் பட்டால் சோறு தீட்டு. அந்தப் பையன் பேர் பீமராவ் அம்பேத்கர். 1923இல் ‘ரூபாயின் சிக்கல்’ என்று புத்தகம் எழுதி, இந்த நாட்டுப் பணத்தின் கணக்கையே போட்டுக் காட்டினார். ரெண்டும் ரெண்டும் நாலுதான். போர்டுக்குப் போகிற வழியில்தான் சாதி இருக்கிறது.

*

கல்வராயன் மலையில் 1976 வரைக்கும் மூணு ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். சுதந்திரம் வந்து முப்பது வருசம் ஆகப்போகிற நேரத்தில்தான் அந்த ஆட்சி ஒழிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். சட்டத்தில் ஒழிந்தது மேஸ்திரியின் நோட்டில் ஒழிந்ததா? கரும்பு வெட்டவும் சூளைக்குப் போகவும் முன்பணம் வாங்குகிற குடும்பங்கள் நம்ம பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. முன்பணம் என்று மரியாதையாகப் பேர் மாறியிருக்கிறது.

என் வகுப்பில் எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி. அவங்க அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய பாக்கி 6,000. இந்த வருச முன்பணம் 24,000. மொத்தம் 30,000. அதற்குக் கீழே நாலைந்து வரி தள்ளி, வேறே மசியில், ‘30,000 + பழைய பாக்கி 6,000 = 36,000’. அவள் அந்த 6,000ஐ ரெண்டு இடத்திலும் வட்டம் போட்டிருந்தாள். “இது ரெண்டு தரம் வந்துட்டுதுக்கா” என்றாள்.

அவளே அப்பாவோடு போய்க் கேட்டாள். “பொட்டப் புள்ளைக்கு இன்னா கணக்கு?” என்று முதலில் கத்தல். பிறகு நாலு பேர் பார்க்க அந்த வரியை அடித்துக் கொடுத்தார்கள். ஆறாயிரம் ரூபாய். எத்தனை டன் கரும்பு, எத்தனை நாள் வெயில் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ரெண்டு நாள் கழித்து ஒருத்தர் வந்து என்னிடம் பக்குவமாகச் சொன்னார்: “பாடத்தை மட்டும் நடத்தும்மா. இந்தக் கதையெல்லாம் வேணாம்.” பிறந்தநாள் கேக்கைப் பற்றிக் கதை சொல்கிற எந்த ஆசிரியையிடமாவது யாராவது வந்து இப்படிச் சொல்லியிருக்கிறார்களா? சொல்ல மாட்டார்கள். எந்தக் கதைக்கு ஆள் வருகிறதோ அந்தக் கதையில்தான் கணக்கு இருக்கிறது.

புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் தாங்களே குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எழுத்தும் எண்ணும் கைக்கு வந்தால் நம்ம பெண்கள் முதலில் கேட்பது ரசீதைத்தான் என்பதற்கு அது சாட்சி. குவாரிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் அதற்குச் சாட்சிதான்.

*

நம்ம ஆட்களிடமிருந்தே ஒரு கேள்வி வருகிறது. அதை மறைக்கக் கூடாது. ‘நம்ம பிள்ளைக்கு மல்லாட்டைக் கணக்கு, கூலிக் கணக்கு, ஊர்ப்பிள்ளைக்கு மட்டும் ராக்கெட் கணக்கா? படித்தும் அதே கொல்லியிலேயே நிறுத்தப் பார்க்கிறாயா?’ சரியான கோபம். பறையடிக்கிற பையனிடம் ‘உன் தாளத்திலேயே கணிதம் இருக்கிறது’ என்று சொல்லி அவன் கழுத்தில் பறையை மாட்டியே வைத்திருக்கிற தந்திரத்தை நாமும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், கதை வாசற்படி, வீடு இல்லை. மல்லாட்டையில் தொடங்குகிற பாடம் ஒண்ணுக்குக் கீழே எட்டு என்கிற குறியீட்டில் போய் முடியணும். அங்கேயிருந்து அல்ஜீப்ராவுக்குப் போகணும், கால்குலஸுக்குப் போகணும். அதை இங்கிலீஷிலும் சொல்லத் தெரியணும். பாதி வழியில் கதையோடு விட்டுவிடுகிற பாடம் நமக்கு வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்ம கதை நம்ம பிள்ளைக்கு மட்டும் என்று யார் சொன்னது? அடி தூக்கின மரக்கால் கணக்கை ஊர்ப்பிள்ளையும் போடட்டும். ‘கொல்லிக்காரன் எத்தனை படி ஏமாற்றினான்?’ என்று அரசுப் பாடப்புத்தகத்தில், ஆதி திராவிடர் நலப் பள்ளியிலும் மலையில் இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் ஒரே மாதிரி அச்சாகட்டும். கேக் கணக்கை நாங்கள் இத்தனை வருசம் போட்டோம் இல்லையா? அவர்கள் ஒரு வருசம் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

கேட்பது பெருசு இல்லை. பிள்ளை தன் வீட்டுப் பாஷையில் சொல்கிற சரியான விடைக்கு முழு மார்க் வேண்டும். புத்தகத் தமிழையும் இங்கிலீஷையும் அதன் பக்கத்தில் வையுங்கள், அதன் மேல் வைக்காதீர்கள். ரெண்டு பாஷையும் எங்கே எதிரெதிராக நடக்கிறது என்று ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள். கதை எழுதுகிற குழுவில் கொல்லியில் நின்றவளும் மலையில் சாமை அறுத்தவளும் உட்காரட்டும், நன்றி சொல்லிப் படம் எடுத்துக்கொள்வதற்கு இல்லை, கதையை முடிவு செய்வதற்கு.

அதுவரைக்கும் எந்த இருமொழிப் புத்தகம் வந்தாலும் நாங்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்போம், அடி தூக்கியிருக்கிறதா என்று.